வண்டி வாகனம்: பாதி எடை ஃப்ளைவீல், முழு வேகம் தருமா?

அரூர் கச்சேரிமேடு பக்கம் ஒரு ஒர்க்‌ஷாப் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமை காலை. பெங்களூரில் வேலை பார்க்கும் இருபத்தாறு வயதுத் தம்பி ஒருவர், தன் ஹோண்டா சிட்டி விடெக்கை ஓரமாக நிறுத்திவிட்டு இறங்குகிறார். 2000களின் தொடக்கத்தில் வந்த மாடல். செகண்ட் ஹேண்டில் வாங்கி, ஆர்.சி. புதுப்பித்து, பெயின்ட் அடித்து, குழந்தை மாதிரி வைத்திருக்கிறார். 1.5 லிட்டர் எஞ்சின், 106 குதிரைத்திறன். அந்தக் காலத்தில் நம் ஊர் இளைஞர்களின் ஏழை ஸ்போர்ட்ஸ் கார் அதுதான்.

"அண்ணா, லைட் வெயிட் ஃப்ளைவீல் ஒண்ணு வெளிநாட்டுல இருந்து வரவழைக்கலாம்னு இருக்கேன். ஒரிஜினல்ல பாதி எடைதான். போட்டா பிக்கப் பிச்சிக்கிட்டுப் போகுமாம்."

கை கழுவிக்கொண்டிருந்த மெக்கானிக் திரும்பாமலே கேட்கிறார். "வண்டில யாரு யாரு போவீங்க?"

"பெரும்பாலும் நான்தாண்ணா. லீவுக்கு வந்தா அம்மாவைத் தீர்த்தமலை கூட்டிட்டுப் போவேன். மாசம் ரெண்டு தடவை சேலம்."

"மஞ்சவாடி வழியாத்தானே?"

"ஆமாண்ணா."

"ஏசி போடுவியா?"

"இந்த வெயில்ல போடாம எப்படிண்ணா?"

காட்சி கற்பனைதான். ஆனால், கார் பிரியர்கள் இருக்கும் எந்த ஊர் ஒர்க்‌ஷாப்பிலும் இந்தப் பேச்சு நடக்கும். மெக்கானிக் கேட்ட மூன்று கேள்விகளும் சம்பந்தமில்லாதவை போலத் தோன்றலாம். விஷயமே அந்த மூன்றில்தான் இருக்கிறது.

கரும்புச்சாறு மெஷினும் தையல் மெஷினும்

ஃப்ளைவீல் என்றதும் புரியாத சமாச்சாரம் என்று அடுத்த பக்கத்துக்குப் போய்விட வேண்டாம். வீட்டில் கால் மிதி தையல் மெஷின் இருந்தால் அதிலேயே பார்க்கலாம். மிதிப்பதை நிறுத்தின பிறகும் கீழே உள்ள பெரிய சக்கரம் நாலைந்து சுற்று சுற்றுகிறது அல்லவா? அந்த வேலைதான். பஸ் ஸ்டாண்டில் கையால் சுற்றும் கரும்புச்சாறு மெஷினின் பெரிய இரும்புச் சக்கரத்துக்கும் இதில் பங்கு உண்டு. கரும்பின் கணு உருளையில் சிக்கும்போது கை தடுமாறினாலும் சக்கரம் தடுமாறாது. ஓட்டத்திலேயே கொஞ்சம் சக்தியைச் சேர்த்து வைத்திருக்கும், கஷ்டம் வரும்போது எடுத்துக் கொடுக்கும்.

கார் எஞ்சினில் பிஸ்டன் எப்போதும் தள்ளிக்கொண்டே இருப்பதில்லை. நான்கு ஸ்ட்ரோக்கில் ஒன்றில்தான் வெடிப்பு. மற்ற மூன்றும் இழுப்பது, அழுத்துவது, புகையை வெளியே தள்ளுவது என்று சக்தியைச் செலவழிக்கும் வேலைகள். நாலு சிலிண்டர் எஞ்சினில் ஒரு சுற்றுக்கு இரண்டு வெடிப்பு கிடைக்கும். மூன்று சிலிண்டர் மாருதி 800ல் இரண்டு சுற்றுக்கு மூன்று. கிணற்றுமேட்டில் ஓடிய பழைய ஒற்றை சிலிண்டர் ஆயில் எஞ்சினில் இரண்டு சுற்றுக்கு ஒன்றே ஒன்று. அதனால்தான் லிஸ்டர் வகை எஞ்சின்களில் இரண்டு பக்கமும் ஆளுயரத்தில் பாதிக்கு இரும்புச் சக்கரம் மாட்டியிருப்பார்கள். தாத்தாக்கள் கைப்பிடி போட்டுச் சுற்றி, மூச்சு வாங்கி, வால்வை விட்டதும் 'டக்... டக்... டக்' என்று அது பிடித்துக்கொள்ளும். வெடிப்புக்கும் வெடிப்புக்கும் நடுவே எஞ்சினைச் சாகவிடாமல் சுமந்து போனது அந்தச் சக்கரம்.

புல்லட்டும் அப்படித்தான். 1955ல் சென்னையில் கால் வைத்தது முதல் அதன் 'தட் தட்' ஓசைக்கும், நடக்கிற வேகத்திலும் அணையாமல் போகும் பொறுமைக்கும் உள்ளே இருக்கும் கனமான ஃப்ளைவீல் ஒரு முக்கியக் காரணம். பந்தயத்துக்காகச் செய்த பைக்கை எடுத்து அதே வேகத்தில் ஓட்டிப் பாருங்கள். தும்மித் தும்மி நின்றுவிடும்.

சீசனில் கோபாலபுரம் சர்க்கரை ஆலைக்குக் கரும்பு ஏற்றிப் போகும் டிராக்டர்களை அரூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மலை மாதிரி பாரம். டிரைவர் ஆக்ஸிலேட்டரை அலறவிடாமல் கிளட்சை மெதுவாக விடுகிறார், வண்டி நகர்கிறது. கனமான ஃப்ளைவீல் கொடுக்கும் தைரியம் அது. டிராக்டரில் யாராவது எடை குறைந்த ஃப்ளைவீல் போட்டால் முதல் மேட்டிலேயே ஊர் சிரிக்கும்.

பிறகு எதற்குக் குறைக்கிறார்கள்?

சேர்த்து வைத்த சக்தியைக் கொடுக்கும் சக்கரம், சேர்க்கும்போது எடுத்துக்கொள்ளவும் செய்யும். ஆக்ஸிலேட்டரை அழுத்தினால் எஞ்சின் முதலில் தன் ஃப்ளைவீலை வேகப்படுத்த வேண்டும், அப்புறம்தான் மீதி டயருக்கு. ஃப்ளைவீல் லேசாக இருந்தால் எஞ்சின் சட்டென்று ஏறும், சட்டென்று இறங்கும். பந்தய டிரைவர் வளைவுக்கு முன்னால் கியரைக் குறைக்கும்போது ஒரு தட்டு தட்டினால் போதும், ஆர்பிஎம் வந்து நிற்கும். சுகமான விஷயம்தான், மறுப்பதற்கில்லை. ஃபார்முலா ஒன் கார்களில் ஃப்ளைவீல் என்று சொல்லிக்கொள்ளும்படி ஏதும் கிடையாது. உள்ளங்கை அகல கிளட்ச், அவ்வளவுதான். கிளம்பும்போது அந்தக் கார்கள் சில சமயம் அணைந்து நின்றுவிடுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

சரி, சாலையில் எவ்வளவு லாபம்? இதைக் கணக்குப் போட்டுப் பார்ப்பவர்கள் குறைவு. 'செம பிக்கப்' என்ற ஒரு வார்த்தையோடு நிறுத்திக்கொள்கிறார்கள்.

பதினோராம் வகுப்பு இயற்பியலில் 'நிலைமத் திருப்புத்திறன்' என்று ஒன்று வரும். பலரும் மார்க்குக்காகப் படித்துவிட்டு மறந்தது. சுற்றும் பொருளின் எடை எவ்வளவு என்பதைவிட, அந்த எடை மையத்திலிருந்து எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பது முக்கியம் என்கிறது அது. தூரம் இரண்டு மடங்கானால் தாக்கம் நான்கு மடங்கு. அதனால் ஃப்ளைவீலில் நடுவில் ஒரு கிலோ குறைப்பதும் விளிம்பில் ஒரு கிலோ குறைப்பதும் ஒன்றல்ல. விளம்பரத்தில் 'மூன்று கிலோ குறைவு' என்று போட்டிருந்தால், எந்த இடத்தில் குறைத்தார்கள் என்பது அடுத்த கேள்வியாக இருக்க வேண்டும்.

ஓர் உதாரணம். 8 கிலோ எடை, 14 சென்டிமீட்டர் ஆரம், சீரான தட்டு என்று ஃப்ளைவீலை வைத்துக்கொள்வோம். முதல் கியர் விகிதம் 3.5, ஐந்தாம் கியர் 0.8, ஃபைனல் டிரைவ் 4.1, டயரின் ஆரம் 29 சென்டிமீட்டர். சிறிய பெட்ரோல் கார்களில் ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும். இந்த 8 கிலோ தட்டு, முடுக்கும்போது காரின் மேல் எவ்வளவு பாரமாக உட்காருகிறது?

முதல் கியரில் சுமார் 192 கிலோ! ஆச்சரியமாக இருக்கலாம். கார் ஒரு மீட்டர் நகர்வதற்குள் எஞ்சின் பல சுற்று சுற்றிவிடுவதால், கியர் விகிதத்தின் வர்க்கத்தோடு பெருகி இப்படி ஆகிறது. இரண்டாம் கியரில் விகிதம் 1.9 என்றால் 57 கிலோ. மூன்றில் 1.3 என்றால் 26 கிலோ. ஐந்தாம் கியரில் வெறும் 10 கிலோ.

இப்போது அதே வடிவத்தில் பாதி எடை, 4 கிலோ ஃப்ளைவீல் போடுங்கள். முதல் கியரில் 96 கிலோ இறங்கிவிடும். பின் சீட்டில் இருந்த தாய்மாமனைப் பஸ்ஸில் அனுப்பிவைத்த மாதிரி. ஆயிரம் கிலோ காரில் அது 8 சதவீதத்துக்கு மேல் சுறுசுறுப்பு. கட்டாயம் தெரியும். ஆனால், முதல் கியரில் எத்தனை விநாடி இருப்போம்? மூன்றாம் கியருக்கு வரும்போது லாபம் ஒரு சதவீதத்துக்குக் கொஞ்சம் மேல். ஐந்தாம் கியரில் 5 கிலோ அரிசிப் பையை இறக்கி வைத்ததற்குச் சமம். ஊத்தங்கரை ரோட்டில் லாரியை முந்தும்போது டாப் கியரில் ஏதோ நடக்கும் என்று எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடலாம். ஃப்ளைவீல் குதிரைத்திறனைக் கூட்டாது. 106 என்றால் 106தான். கூட்டுகிறது என்று யாராவது விற்றால், அவரிடம் வேறு எதையும் வாங்க வேண்டாம்.

மஞ்சவாடியில் என்ன நடக்கும்?

லாபம் முதல் கியரில்தான் அதிகம் என்று பார்த்தோம். நஷ்டமும் அதே முதல் கியரில்தான்.

மஞ்சவாடி கணவாயில் ஏற்றம். முன்னால் பாரம் ஏற்றிய லாரி திணறி நின்றுவிட்டது. பின்னால் ஒரு பஸ் ஹாரன் அடித்தபடி ஒட்டி நிற்கிறது. காரில் அம்மா. கிளட்சை விட்டு மேலே நகர வேண்டும். 1,500 ஆர்பிஎம்மில் 8 கிலோ ஃப்ளைவீலில் இருப்பது ஏறக்குறைய 970 ஜூல் சக்தி. கிளட்ச் பிடிக்கும் அந்த ஒரு கணத்தில் எஞ்சினுக்குத் தோள் கொடுப்பது அதுதான். 4 கிலோவில் அது பாதி. அதே பாதியை ஈடுகட்ட டிரைவர் ஆர்பிஎம்மை 2,100 வரை ஏற்றி, கிளட்சை இன்னும் கொஞ்சம் நேரம் தேய்த்துக் கிளம்ப வேண்டும். தேய்த்தால் சூடு. லேசான தட்டு சூட்டை உள்வாங்கும் திறனும் குறைவு. நாலு தடவை நின்று நின்று ஏறினால் கருகின வாடை வரும். அது கிளட்ச் பிளேட்டின் ஆயுள் குறையும் வாடை.

தேய்க்காமல் விட்டால்? எஞ்சின் அணையும். வண்டி பின்னால் உருளும்.

ஏசி கேள்விக்கும் இதுதான் காரணம். சிக்னலில் வண்டி ஐட்லிங்கில் நிற்கும்போது ஏசி கம்ப்ரஸர் 'டக்' என்று பிடிக்கும். எஞ்சின் ஒரு நொடி தள்ளாடும். கனமான ஃப்ளைவீல் அந்தத் தள்ளாட்டத்தை விழுங்கிவிடும். லேசானது விழுங்காது, ஸ்டியரிங்கில் நடுக்கமாக அனுப்பும். ஜப்பானிலோ ஐரோப்பாவிலோ குளிர் ஊரில் ஒருவர் 'எனக்கு ஒரு பிரச்னையும் இல்லை' என்று சொல்வது தர்மபுரி மாவட்டத்துச் சித்திரை வெயிலுக்குப் பொருந்தாது.

புதிய வண்டிகளில் வேறொரு தொல்லை. எஞ்சினின் ஒவ்வொரு வெடிப்புக்கும் கிராங்க் எவ்வளவு வேகமாகிறது, எவ்வளவு மெதுவாகிறது என்று கம்ப்யூட்டர் பார்த்துக்கொண்டே இருக்கும். ஃப்ளைவீல் லேசானால் அந்த ஏற்ற இறக்கம் பெரிதாகும். ஏதோ ஒரு சிலிண்டர் வெடிக்கவில்லை என்று கம்ப்யூட்டர் தப்பாக நினைத்து 'செக் எஞ்சின்' விளக்கைப் போடலாம்.

டீசல் கார்களிலும் நவீன டர்போ கார்கள் சிலவற்றிலும் இருப்பது டூயல் மாஸ் ஃப்ளைவீல். இரண்டு தட்டு, நடுவே வில் மாதிரி ஸ்பிரிங். எஞ்சினின் அதிர்வு கியர் பாக்ஸுக்குப் போகாமல் தடுப்பது அதன் வேலை. 1980களின் நடுவில் ஜெர்மனியின் லூக் நிறுவனம் இதை கார்களுக்குக் கொண்டுவந்தது. அந்த நிறுவனத்தின் கிளட்ச் ஆலை நம் பக்கத்து ஓசூரிலேயே இருக்கிறது. இந்த டூயல் மாஸைக் கழற்றிவிட்டு லேசான ஒற்றைத் தட்டு போட்டால், ஐட்லிங்கில் கியர் பாக்ஸ் கடகடவென்று ஆணி டப்பாவைக் குலுக்கும் சத்தம் போடும். சத்தத்தோடு போனால் பரவாயில்லை. அதிர்வு முழுவதும் பற்சக்கரங்கள் மேல் இறங்கும். டூயல் மாஸ் விலை அதிகம் என்பதற்காக இதைச் செய்பவர்கள் உண்டு. குடும்ப காருக்கு இது வேண்டாத வேலை.

சோழவரம் முதல் இருங்காட்டுக்கோட்டை வரை

தமிழ்நாட்டுக்கு இந்த ஆசை புதிதல்ல. 1953ல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப், இரண்டாம் உலகப் போர்க்கால விமான ஓடுதளமான சோழவரத்தில் பல வருடங்கள் பந்தயம் நடத்தியது. ஃபியட்டும் ஹெரால்டும் அம்பாசடரும் ஓடிய காலம். வெளிநாட்டு உதிரிபாகம் வாங்குவது குதிரைக்கொம்பு. இருப்பதைச் செதுக்கி, துளைத்து, இழைத்துத்தான் வேகம் தேட வேண்டும். ஃப்ளைவீலை லேத்தில் ஏற்றிக் கடைவது உலகமெங்கும் பழைய பந்தயக்காரர்களின் பாலபாடம்.

கோவையில் ஒருவர் வேறு மாதிரி யோசித்தார். எஸ். கரிவரதன். பெரிய மில் குடும்பம். பந்தயம் ஓட்டியவர், வண்டிகளைத் தானே வடிவமைத்தவர். பணக்காரப் பிள்ளைகள் மட்டும் வெளிநாட்டு பாகம் வாங்கிப் போட்டு ஜெயிக்கும் விளையாட்டாக இது இருந்தால் எத்தனை பேர் வர முடியும்? 1980களின் கடைசியில் அவர் ஃபார்முலா மாருதியைக் கொண்டுவந்தார். குழாய்ச் சட்டகம், ஒற்றை சீட், பின்னால் சாதாரண மாருதி 800ன் 796 சிசி எஞ்சின். எல்லோருக்கும் ஒரே மாதிரி வண்டி. ஜெயிப்பது டிரைவரின் திறமை. அந்த வண்டியில் பந்தயத்தைத் தொடங்கிய கோவைப் பையன் நரேன் கார்த்திகேயன்தான், 2005ல் ஜோர்டான் அணிக்காக ஓட்டி ஃபார்முலா ஒன்னில் கால் வைத்த முதல் இந்தியர். அதைப் பார்க்கக் கரிவரதன் இல்லை. 1995ல் சிறிய விமான விபத்தில் இறந்துபோனார். கோவை செட்டிபாளையத்தில் இருக்கும் பந்தயத் தடத்துக்கு 'கரி மோட்டார் ஸ்பீட்வே' என்று அவர் பெயர்தான்.

பந்தய விதிப் புத்தகங்களில் ஃப்ளைவீலுக்கென்றே வரி இருக்கும். உலக அமைப்பான எஃப்ஐஏ வகுத்த பழைய பிரிவுகளில், கடையில் வாங்கிய வண்டி மாதிரியே ஓட வேண்டிய 'என்' பிரிவில் ஃப்ளைவீலில் கை வைக்கக் கூடாது. 'ஏ' பிரிவில் கடையலாம், ஆனால் அசல் ஃப்ளைவீல்தான் என்று அடையாளம் தெரிய வேண்டும். ஏன் இவ்வளவு கண்டிப்பு? ஒன்று, சமநீதி. இன்னொன்று, உயிர்.

சுற்றும் தட்டு உடைந்தால்...

14 சென்டிமீட்டர் ஆரமுள்ள ஃப்ளைவீல் 6,000 ஆர்பிஎம்மில் சுற்றும்போது அதன் விளிம்பு மணிக்குச் சுமார் 316 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது. கார் நின்றுகொண்டிருந்தாலும்தான். வேகம் இரண்டு மடங்கானால் தட்டைப் பிய்க்கப் பார்க்கும் விசை நான்கு மடங்கு. காரோடு வரும் ஃப்ளைவீல் பெரும்பாலும் வார்ப்பிரும்பு. அழுத்தினால் தாங்கும், இழுத்தால் அவ்வளவாகத் தாங்காது, வளையாமல் ஒரேயடியாக உடையும். அந்தத் தடிமனுக்கென்று கணக்குப் போட்டு வார்த்ததை லேத்தில் சீவி மெல்லியதாக்கினால்? ஏற்கெனவே கிளட்ச் சூட்டில் நீலம் பூத்து, கண்ணுக்குத் தெரியாத மயிரிழை விரிசல் இருந்தால்?

அமெரிக்க டிராக் பந்தயங்களில் ஃப்ளைவீலும் கிளட்சும் வெடித்துத் துண்டுகள் தகட்டைக் கிழித்துப் பாய்ந்த விபத்துகள் பல நடந்தன. அதற்குப் பிறகுதான் அங்கே 'எஸ்எஃப்ஐ' சான்று முத்திரை வந்தது. வேகமான பிரிவுகளில் அந்த முத்திரை இல்லாத ஃப்ளைவீலை உள்ளே விடமாட்டார்கள். அம்பாசடர், ஜீப் மாதிரிப் பின் சக்கர வண்டிகளில் ஃப்ளைவீல் இருக்கும் இடம் டிரைவர் பாதத்துக்கு அருகே, ஒரு தகட்டுக்கு அந்தப்புறம். முன் சக்கர வண்டிகளில் பானெட்டுக்குக் கீழே பக்கவாட்டில் இருக்கும். அங்கேயும் பிரேக் குழாய், பெட்ரோல் குழாய் எல்லாம் பக்கத்தில்தான்.

ஆகவே, 'எதுக்கு தம்பி வெளிநாட்டுக்குக் காசு? ஒரிஜினலையே மத்தியானத்துக்குள்ள கடைஞ்சு தர்றேன்' என்று எந்த லேத் பட்டறையில் சொன்னாலும், கும்பிட்டுவிட்டு வந்துவிடுவது நல்லது. அவர் கைத்திறமையில் சந்தேகம் இல்லை. டிராக்டர் பாகங்களை அரை மில்லிமீட்டர் பிசகாமல் கடைபவர்கள் நம் ஊரில் உண்டு. சந்தேகம் அந்த இரும்பின் மேல்.

வாங்குவதென்றே முடிவானால்

சந்தையில் கிடைப்பவை பெரும்பாலும் இரண்டு ஜாதி. குரோமோலி எஃகில் செய்தது ஒன்று. ஜப்பானின் எக்ஸெடி போன்றவர்கள் செய்வது. எடை நடுத்தரமாகக் குறையும், தேய்மானம் தாங்கும். அலுமினியம் மற்றொன்று. அமெரிக்காவின் ஃபிடான்சா இதில் பெயர் பெற்றது. மிக லேசு. ஆனால் கிளட்ச் உரசும் முகத்தில் அலுமினியம் நிற்காது என்பதால் தனியாக ஓர் எஃகுத் தட்டு பதித்திருப்பார்கள். அது தேய்ந்தால் அதை மட்டும் மாற்றலாம். பந்தயத் தடத்துக்கு அலுமினியம் சரி. மஞ்சவாடிக்கும் சேலம் ஐந்து ரோட்டு நெரிசலுக்கும் எஃகே மேல். அதிலும் பாதி எடை என்று ஆசைப்படாமல், ஒரிஜினலில் கால் பங்கு குறைந்ததோடு நிறுத்திக்கொண்டால் அம்மாவிடம் திட்டு வாங்காமல் ஓட்டலாம்.

எடைக்கு முன் பார்க்க வேண்டியது பொருந்துமா என்பதை. கிராங்க் போல்ட் துளைகள் மட்டும் ஒத்துப்போனால் போதாது. ரிங் கியரின் பல் எண்ணிக்கை ஒன்று மாறினாலும் ஸ்டார்ட்டர் மோட்டார் பல்லைக் கடிக்கும். சில எஞ்சின்களில் கிராங்க் சென்சார் படிக்கும் பற்கள் ஃப்ளைவீலிலேயே இருக்கும். அது இல்லாத தட்டை மாட்டினால் வண்டி ஸ்டார்ட்டே ஆகாது. கிளட்ச் உரசும் முகத்தின் உயரம் ஒரிஜினல் மாதிரியே இருக்க வேண்டும், இல்லையென்றால் கிளட்ச் வழுக்கும் அல்லது முழுசாக விடாது. பிரஷர் பிளேட்டை நிறுத்தும் ஊசிகள், பைலட் பேரிங் இருக்குமிடம், கிளட்ச் பிளேட்டின் விட்டம் என்று எல்லாவற்றையும் பழையதைப் பக்கத்தில் வைத்து அளந்து பார்ப்பவர்தான் சரியான மெக்கானிக். சில எஞ்சின்களில் கிராங்கின் சமநிலைக்கான எடையே ஃப்ளைவீலில் ஒரு பக்கமாக வைக்கப்பட்டிருக்கும். அப்படிப்பட்ட எஞ்சினில் வெறும் வட்டத் தட்டை மாட்டினால் பேரிங் போய்விடும்.

பேலன்ஸிங் சீட்டு இல்லாத பாகத்தை வாங்கவே கூடாது. வந்த பிறகு பிரஷர் பிளேட்டோடு சேர்த்து இன்னொரு முறை பேலன்ஸ் பார்ப்பது உத்தமம். கிராங்க் போல்ட்டுகள் புதியவையாக இருக்க வேண்டும், டார்க் ரெஞ்சில் குறிப்பிட்ட அளவுக்கு முறுக்க வேண்டும். 'கை அளவு தெரியும் தம்பி' என்பதெல்லாம் இந்த இடத்தில் வேண்டாம்.

பாகத்தின் விலையோடு செலவு முடியாது. சுங்க வரி, கொரியர், கியர் பாக்ஸ் இறக்கி ஏற்றும் கூலி. கியர் பாக்ஸ் இறங்கிய பிறகு பழைய கிளட்ச் பிளேட்டையே திரும்பப் போட யாருக்கு மனசு வரும்? அதுவும் புதுசு. பின்பக்க ஆயில் சீல் கசிந்தால் அதுவும். இவ்வளவு பணத்துக்கு நாலு நல்ல டயரும் புது பிரேக் பேடும் வந்துவிடும். அதே மஞ்சவாடி வளைவுகளில் அவை தரும் வித்தியாசம் ஃப்ளைவீல் தருவதைவிடப் பெரிது. இதைச் சொன்னால் இருபத்தாறு வயதில் யாருக்கும் பிடிக்காது. டயர் மாற்றியதை நண்பர்களிடம் பெருமையாகச் சொல்ல முடியாதே!

சட்டம்? 1988ம் வருட மோட்டார் வாகனச் சட்டத்தின் 52வது பிரிவு, ஆர்.சி.யில் உள்ள விவரங்களோடு முரண்படும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. எஞ்சின் மாற்றம், பாடி மாற்றம் போல ஃப்ளைவீல் ஆர்.சி.யில் ஏறும் விஷயம் அல்ல. ஆனாலும் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு எழுத்தில் தெரிவித்துவிடுவது புத்திசாலித்தனம். வாரன்ட்டி இருக்கும் புது வண்டியாக இருந்தால் எஞ்சின், கிளட்ச், கியர் பாக்ஸ் எதற்கும் கம்பெனி பொறுப்பேற்காது என்று எண்ணிக்கொண்டே இறங்க வேண்டும்.

மறுபடியும் கச்சேரிமேடு

இதையெல்லாம் கேட்ட தம்பி கொஞ்ச நேரம் பேசவில்லை. பக்கத்துக் கடையிலிருந்து டீ வந்தது.

"அப்ப வேண்டாம்கிறீங்களாண்ணா?"

"நான் எங்க வேண்டாம்னேன்? இப்ப உன் கிளட்ச் எப்படி இருக்கு?"

"நல்லா இருக்கு. போன வருஷம்தான் மாத்தினேன்."

"அப்ப அதைத் தேய விடு. ஒரு நாள் கியர் பாக்ஸ் இறக்கித்தான் ஆகணும். அன்னிக்கு ஒரே கூலியில ரெண்டு வேலையும் முடியும். அதுக்குள்ள ஒரு தடவை இருங்காட்டுக்கோட்டை டிராக்குக்குப் போ, பந்தயம் பாரு, முடிஞ்சா டிரெய்னிங் எடு. உனக்கு நெஜமாவே முதல் ரெண்டு கியர்லதான் டைம் போகுதான்னு பாரு. அப்பவும் வேணும்னு தோணுச்சுன்னா எஃகுல வாங்கு. அலுமினியம் வேண்டாம்."

"சரிண்ணா."

"இன்னொண்ணு. கழட்டின ஒரிஜினலைப் பழைய இரும்புக்காரன்கிட்ட போட்டுடாத. ஆயில் தடவி, கோணியில சுத்தி, பரண் மேல வை. நாளைக்கு வண்டியை விக்கும்போது வாங்குறவர் அதைத்தான் கேப்பாரு."